தாய்மாமன் கையெழுத்து

எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியமானாலும் முதல் தட்டு என் அண்ணனுக்குத்தான் போகும். மகளுக்குக் காது குத்தியபோது அவர் மடியில்தான் உட்கார வைத்தோம். அவள் பெரியவளானபோது அம்பாங்கானிலிருந்து லோரி நிறையச் சீர் ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளின் முன்னால் நிறுத்தி, ஹாரன் அடித்துத் தோட்டத்தையே வெளியே வரவைத்தவர் அவர். கல்யாணம், திருவிழா, துக்கம் எதுவானாலும் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற தொழில். கை தாராளம், குரல் அதைவிடத் தாராளம். அதனால் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்க இடம் கிடைத்து, ஓர் அறக்கட்டளை படிப்புச் செலவு முழுவதையும் தருவதாகக் கடிதம் அனுப்பியபோது, ஒப்பந்தத்தில் ஜாமீன் கையெழுத்து யார் போடுவது என்று நான் யோசிக்கவே இல்லை.

ஜாமீனுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அப்பாவாக இருக்கலாம். இன்னொருவர் வேறு வீட்டில் இருக்கிற சொந்தக்காரராக இருக்க வேண்டும். என் கணவர் ரந்தாவ் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர். அவர் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் முடிந்து தாள்கள் கோலாலம்பூரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. அண்ணன் இருக்கிறார், ஐந்து நிமிஷ வேலை.

தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்து, நடுவில் ஒரு புதுப் பேனாவையும் வைத்தேன். மகள் சிரித்தாள்.

"அம்மா, என்னம்மா இது, நிச்சயதார்த்தமா?"

"வாயை மூடு லா. மாமா கையெழுத்துப் போடப்போறாரு. சும்மா பேப்பரை நீட்டுனா மரியாதையா இருக்குமா?"

அம்பாங்கானில் அண்ணன் எங்களைப் பார்த்ததும் டிவியை அணைத்தார். தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நம்ம குடும்பத்துலயே முதல் ஆளு!" என்று மகளின் தலையில் கை வைத்தார். கைப்பேசியை என் கணவரிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவைத் திறந்தார். "எங்க போடணும், சொல்லு."

மகள் கையெழுத்துக்கும் ஐசி என்கிற அடையாள அட்டை எண்ணுக்கும் உள்ள இடத்தைக் காட்டினாள். அவர் பெரிய மனிதர் தோரணையில் தாள்களைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அதில்தான் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. கையெழுத்தான பிறகு ஒப்பந்தத்தை வருமான வரி அலுவலகத்துக்குக் கொண்டுபோய் முத்திரை வாங்கிவிட்டு அனுப்ப வேண்டும். அண்ணன் அதை இரண்டு தரம் படித்தார். பேனாவை மூடித் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"இது இன்கம் டேக்ஸ் ஆபீசுக்குப் போற பேப்பரா?"

"முத்திரைச் சாப்பு அடிக்கத்தாண்ணே," என்றேன்.

"அவன் எதுக்கும்மா சாப்பு அடிக்கிறான்? யாருக்கு எவ்வளவு வருதுன்னு அவனுக்குத் தெரியணும்ல? தெரிஞ்சா விடுவானா? காசு வந்தா அது வருமானம். வருமானம்னா வரி. பிள்ளைகிட்ட ஏது சம்பாத்தியம், அது எப்படிக் கட்டும்? யாரைப் பிடிப்பான்? ஜாமீன் போட்டவனைத்தான் பிடிப்பான்."

"படிக்கக் குடுக்கிற காசுண்ணே இது."

"எதுக்குக் குடுத்தா அவனுக்கென்ன? நாலு வருஷமும் பேசாம இருப்பான். அப்புறம் மொத்தமா அபராதத்தோட அனுப்புவான். எத்தனை பேரைப் பாத்திருக்கேன். விசாரிச்சுச் சொல்றேன், வெச்சுட்டுப் போங்க."

நான் வைத்துவிட்டு வரவில்லை. தட்டோடு சேர்த்து எடுத்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. எங்கள் லயத்தில் எந்த வீட்டிலிருந்தும் யாரும் அந்த அலுவலகத்துப் படியேறியதில்லை. வரி என்பது பெரிய கார் வைத்திருக்கிறவர்களின் தலைவலி என்று இருந்துவிட்டோம். ஒரு தாளில் பணம் தருவதாக எழுதியிருக்கிறது, அந்தத் தாளை வரி அலுவலகத்தில் காட்டச் சொல்கிறார்கள் என்றால், வேறு எதற்குக் காட்டச் சொல்வார்கள்?

அண்ணி அன்று வேலையில் இருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி, எங்கள் பேச்சில் மிசி. அவர் வீட்டில் இல்லாதது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மகளின் சடங்குக்கு அவர் டூட்டி முடிந்து யூனிபார்மோடு வந்து நின்றதைப் பார்த்து, "ஊசி போட வந்தீங்களா?" என்று நான் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அதிலிருந்து எங்களுக்குள் 'வாங்க', 'சாப்பிட்டீங்களா' என்பதோடு சரி.

மறுநாள் சாயங்காலம் நான் செனாவாங் ஃபேக்டரியிலிருந்து வரும்போது என் கணவர் குளிக்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். டிராக்டரில் குலை ஏற்றும்போது கூட்டாளிகளிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். ஆளுக்கு ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். வரி மட்டுமல்ல, பிள்ளைக்கு வருகிற பணத்தையும் நம் கணக்கில் சேர்த்து, அரசாங்கம் கொடுக்கிற உதவியை நிறுத்திவிடுவார்கள் என்றானாம் ஒருவன். தோட்டத்து வீட்டைக்கூடக் காலி பண்ணச் சொல்லலாம் என்றானாம் இன்னொருவன். அவனுக்கு எப்படித் தெரியுமாம்? அவனுடைய சகலையின் தம்பி சொன்னானாம்.

"நமக்கு வேணாம்மா இது," என்றார். "உங்கண்ணனே பயப்படுறாரு. நாலு இடம் போயி வந்த மனுஷன். நம்ம எந்த மூலைக்கு?"

"வேணாம்னா? பிள்ளை என்ன பண்ணும்?"

"ஸ்கூல்லயே ஃபார்ம் சிக்ஸ் படிக்கட்டும். இல்ல, அடுத்த வருஷம் வேற எதுக்காவது போடட்டும்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இந்த மனிதர் மழையில் டிராக்டர் சேற்றில் புதைந்தால்கூடப் பதறாதவர். இப்போது பார்க்காத ஒரு அலுவலகத்துக்குப் பயந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார். "பெத்த பிள்ளைக்குப் போட்ட கையெழுத்தை அழிச்சிட்டு வருவீங்களா?" என்று கத்தினேன். அடுத்த வீட்டுச் சன்னல் திறந்தது. திறக்கட்டும் என்று இன்னும் சத்தமாகத்தான் கத்தினேன்.

மகள் அடுப்படியிலிருந்து வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, உங்க ஃபேக்டரில ஆளு எடுக்கிறாங்களா?"

என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது போல ஆகிவிட்டது. நான் பதினெட்டு வயதில் அந்தக் கதவுக்குள் போனவள். பூதக்கண்ணாடிக்குக் கீழே பொடிப் பொடிச் சாமான்களைப் பார்த்துப் பார்த்துக் கண் போய்விட்டது. இவள் அங்கே வரக்கூடாது என்பதற்காகத்தான் ஓவர்டைம் ஒன்றையும் விடாமல் செய்தேன். "எடுக்கல," என்றேன். எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். கேட்டில் பெரிய துணியில் எழுதியே தொங்கவிட்டிருந்தார்கள்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினேன். படித்ததற்கு நீலக்கோடு விழுந்தது, பதில் வரவில்லை. மறுநாளும் அப்படியே. சிரம்பானில் ஒரு கல்யாணக் கூடாரத்தடியில் நிற்கிறார் என்று கேள்விப்பட்டு மோட்டார்சைக்கிளில் போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் லோரி கிளம்பிவிட்டது. வேலையாள் என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலிகளை அடுக்கினான். சொந்த அண்ணன் என்னைப் பார்த்து ஒளிகிறார் என்று அப்போதுதான் உறைத்தது. அவமானமாக இருந்தது.

புதன்கிழமை காலை ஷிப்ட் முடிந்ததும், யூனிபார்மை மாற்றாமல், வரி அலுவலகத்துக்கே போய்விட்டேன். கேட்டுத் தொலைப்போம், என்ன கழுத்தையா சீவிவிடுவார்கள் என்று வண்டியில் போகும்போது பெரிய வீறாப்பு. உள்ளே குளிர்சாதனக் காற்று பட்டதும் அது எங்கோ போய்விட்டது. நம்பர் சீட்டைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தேன். நாமே வந்து மாட்டிக்கொள்கிறோமோ? கேட்டவுடன் பெயரை எழுதிக்கொள்வார்களோ? என் முறை வந்தபோது வாயிலிருந்து வந்தது பொய்.

"என் சிநேகிதியோட பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்கு," என்றேன் மலாயில். "அதுக்கு வரி கட்டணுமா?"

கவுண்டரில் முக்காடு போட்ட ஒரு சின்னப் பெண். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். "பியாசிஸ்வா தக் கெனா சுக்காய், காக்," என்றாள். உதவித்தொகைக்கு வரி கிடையாது, அக்கா.

"முழுப் பணத்துக்குமா? கொஞ்சத்துக்குத்தானா?"

"முழுசுக்கும்தான். படிப்புக்கென்று கொடுக்கிற உதவித்தொகைக்கு வரிவிலக்கு இருக்கிறது. லீவில் எங்காவது வேலை செய்து சம்பளம் வாங்கினால் அது வேறு. அந்தச் சம்பளம் மட்டும்தான் வருமானம்."

"அப்புறம் எதுக்கு உங்ககிட்ட சாப்பு அடிக்கணும்?"

அவள் சிரிக்கவில்லை, அதற்காகவே அவளை எனக்குப் பிடித்தது. முத்திரை என்பது ஒப்பந்தத்துக்கு, பிள்ளையின் பணத்துக்கு அல்ல என்றாள். நாளைக்கு ஏதாவது தகராறு வந்தால் கோர்ட்டில் அந்தத் தாள் செல்லுபடியாக வேண்டும், அதற்காக. வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கும் இங்கேதான் முத்திரை வைக்கிறார்கள். அந்த வேலை இந்த அலுவலகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

"ஜாமீன் போட்டவங்களைப் பிடிப்பீங்களா?"

"நாங்கள் எதற்குப் பிடிக்க வேண்டும்? பிள்ளை படிப்பைப் பாதியில் விட்டுவிட்டால், கொடுத்த பணத்தை அறக்கட்டளை ஜாமீன்தாரரிடம் கேட்கும். அதுதான் ஜாமீன். வரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அக்காவின் பிள்ளைதானே?" என்றாள்.

"ஆமா," என்றேன். என் கண் கலங்கிவிட்டது. சீ, ஒரு கவுண்டர் முன்னால் நின்று அழுவதா என்று யூனிபார்ம் கையால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இவ்வளவுதானா? இந்த ஒரு வரிக்கா மூன்று நாளாக என் வீட்டில் சோறு இறங்கவில்லை? மோட்டாரைக் கிளப்பும்போது எனக்குச் சிரிப்பாகவும் வந்தது. என் கணவரிடம் சொன்னேன். அவர் நம்புவதா வேண்டாமா என்று என் முகத்தையே பார்த்தார். "நெசமாவா? நீயே கேட்டியா?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டு, அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார். அரசாங்க உதவி, தோட்டத்து வீடு என்று மற்றவர்கள் கிளப்பியதைப் பற்றிப் பேச்சே இல்லை. வரிப் பயம் போனதும் அவையும் போய்விட்டன.

வியாழக்கிழமை மகளையும் ஏற்றிக்கொண்டு அம்பாங்கான் போனேன். போன் பண்ணிவிட்டுப் போகவில்லை. லோரி வாசலில் நின்றது. இனி எங்கே ஒளிவார்? மறுநாள் காலை முத்திரை வாங்கி, மத்தியான ரயிலில் கோலாலம்பூர் போயாக வேண்டும். அன்று கையெழுத்துக் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது.

"வரி கிடையாதாம்ணே," என்றேன், உட்காராமலே. "நேரா அங்கயே போயி கேட்டுட்டு வந்துட்டேன். ஸ்காலர்ஷிப்புக்கு ஒரு காசு வரி கிடையாது. ஜாமீன் போட்டவங்களுக்கும் கிடையாது. சாப்பு சும்மா பேப்பருக்குத்தான்."

அண்ணன் முகத்தில் வெளிச்சம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வியர்த்தது.

"கவுண்டர்ல இருக்கவனுக்கு என்ன தெரியும்? நாளைக்குச் சட்டத்தை மாத்துவான்."

"மாத்துனா மாத்தட்டும், இன்னிக்கு இல்லல்ல? போடுங்கண்ணே. நாளைக்கு வெள்ளிக்கிழமை."

"அடுத்த வாரம் பாப்போம்."

"அடுத்த வாரம் போட்டு யாருக்கு? எனக்குக் கருமாதிக்கா?"

"ஏய், அடக்கிப் பேசு!"

"அடக்க முடியாதுண்ணே! லோரி லோரியா சீர் கொண்டுவந்தீங்க, நான் கேட்டனா? ஒரு கையெழுத்துக்கு என்னை ரோடு ரோடா அலைய விடுறீங்க. பிள்ளை என் ஃபேக்டரில வேலை இருக்கான்னு கேக்குது. கேக்குதுங்களா உங்களுக்கு?"

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "போதும்மா. போலாம்மா." அண்ணன் அவளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அப்புறம் உண்மை வெளியே வந்தது, மிகச் சின்னக் குரலில்.

"என் ஐசி நம்பரு அந்த ஆபீசுக்குப் போகக்கூடாதும்மா. இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவைகூட கணக்குக் காட்டுனதில்ல. கூடாரம், நாற்காலி, எல்லாம் கைக்காசு. அவங்களுக்கு நான்னு ஒருத்தன் இருக்கறதே தெரியாது. தெரியவும் கூடாது."

எனக்குக் கோபம் போகவில்லை. பிள்ளையின் பணத்துக்கு வரி வருமா வராதா என்று நாங்கள் மூன்று நாள் செத்துப் பிழைத்தோமே, இவருக்கு அது கவலையே இல்லை. தன் பயத்தைத் தூக்கி எங்கள் வீட்டில் போட்டுவிட்டு லோரியில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எங்க பேனா?"

வாசல் பக்கமிருந்து குரல் கேட்டது. அண்ணி. டூட்டி முடிந்து வந்து, வெள்ளை யூனிபார்மில், காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ. உள்ளே வந்து மகளின் கையிலிருந்த தாள்களை வாங்கி மேசைக்குப் போனார். நான்கு தடவை இந்த ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த எனக்கு, அண்ணியைக் கேட்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. தாய்மாமன் கையெழுத்து, தாய்மாமன் கையெழுத்து என்றே இருந்துவிட்டேன்.

அவர் முதல் பக்கத்திலிருந்து படித்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் அவர் விரல் எந்த வரியில் இருக்கிறது என்று பார்ப்பதுமாக நின்றேன். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"படிப்பைப் பாதியில விட்டா நான் கட்டணும். அதானே?" என்று மகளைக் கேட்டார்.

"ஆமா அத்தை."

"விடுவியா?"

"விடமாட்டேன் அத்தை."

"அது போதும்."

"ஏய், போடாத!" என்று அண்ணன் எழுந்தார். "உன் ஐசி போனாலும் இந்த வீட்டு விலாசம்தானே அவங்களுக்குப் போகும்?"

அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இந்த விலாசம் அவங்ககிட்ட வருஷக்கணக்கா இருக்கு. மாசா மாசம் என் சம்பளத்துல வரி பிடிச்சுட்டுத்தான் குடுக்கறாங்க. எனக்கென்ன பயம்?" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்துத் தாள்களை என்னிடம் நீட்டினார்.

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணீர்தான் வந்தது.

"ஊசியா போட்டேன், அழுவுறதுக்கு?" என்றார் அண்ணி.

அடிப்பாவி, இத்தனை வருஷமாக அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, நான் அவர் தோளில் சாய்ந்துவிட்டேன். யூனிபார்மில் டெட்டால் வாசம் அடித்தது.

மறுநாள் காலை முத்திரை விழுந்தது. சாயங்காலம் கோலாலம்பூரில் மகளே தாள்களைக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் பண்ணினாள். தட்டில் வைத்திருந்த வாழைப்பழம் கறுத்துப்போய் ஐஸ்பெட்டி மேல் கிடந்தது. அன்றைக்குத்தான் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

மகள் சொன்னபடி விடாமல் படித்தாள். முடித்து, சிரம்பானில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். லோரி இல்லை, சீர் இல்லை. இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பை, பை நிறைய ரசீது. பழைய லோரி படுத்துவிட்டதாம். புது லோரிக்குக் கடன் கேட்டுப் போனால் வங்கியில் வரி கட்டிய தாள் கேட்கிறார்களாம். "அம்மாடி, மாமாவுக்குக் கொஞ்சம் பாத்துக் குடேன்," என்றார் மகளிடம்.

அவள் ஒரு சொல் பழசைப் பேசவில்லை. கத்தாமல் காரியத்தைப் பார்ப்பது அவள் அத்தையிடம் படித்துக்கொண்ட குணம், என்னிடமிருந்து வந்ததல்ல. பல ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து, ரசீதுகளைப் பிரித்து, இதுவரை காட்டாத வருமானத்தைத் தானாகவே முன்வந்து காட்டுவதாக வரி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் தயார் பண்ணினாள். அது முடிந்த அன்று அண்ணனையும் அண்ணியையும் வரச் சொன்னோம்.

"இங்க ஒரு கையெழுத்து, மாமா," என்று விரலால் இடத்தைக் காட்டினாள்.

அண்ணன் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். "இருங்க," என்று நான் உள்ளே போனேன். தட்டை எடுத்து, வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்து, நடுவில் ஒரு பேனாவையும் வைத்துக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். என் கணவர் கூரையைப் பார்த்தார்.

அண்ணன் தட்டைப் பார்த்தார்.

"மறக்கவே மாட்டியா நீ?" என்றார்.

"மறக்கலண்ணே," என்றேன். "பேனா மூடியே இருக்கு. தெறந்து போடுங்க."

அவர் பேனாவைத் திறந்தார். என் மகள் விரல் காட்டிய இடத்தில் தாய்மாமன் கையெழுத்துப் போட்டார்.